மாவு மாத்திரை

அத்தியாயம் 9

தட்டில் கிடந்த முயலின் காதைப் பாப்பா கையுறை விரலால் விரித்துப் பார்த்தாள். உள்பக்கம் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டியது, பழுத்த இலை மாதிரி மஞ்சளாக இருந்தது.

"இது எத்தனாவது, டாக்டரம்மா?" கதவோரம் நின்றபடியே கேட்டாள் கூண்டக்கா. கைக்குட்டையை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நாலு."

"மிச்சம் அஞ்சையும் அறுக்கணுமா?"

"அறுத்துத்தான் ஆகணும்."

இந்த வீட்டுக் கதைக்குள் இந்த வாரம்தான் கால் வைக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. பாப்பா குழந்தை அல்ல. நாற்பத்தொரு வயது கால்நடை டாக்டர். மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பாளர். வீட்டில் கடைசியாகப் பிறந்த பாவத்துக்குப் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை. அதே நிலையத்தின் மேல்மாடியில் பெரிய அறையில் உட்கார்ந்திருப்பவன் அவளுடைய அண்ணன், புரொஃபசர். மூட்டுவலிக்கு அவன் கண்டுபிடித்த மாத்திரை நாலு மாதமாக இருநூறு நோயாளிகளிடம் சோதனையில் இருக்கிறது. அதற்காக இன்று மாலை அவனுக்குப் பாராட்டு விழா.

மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் அந்த மருந்தை இருபத்துநாலு முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது பாப்பா பயிற்சிக்காக வெளியூரில் இருந்தாள். திரும்பி வந்தபோது பதிவேட்டில் பதினைந்து முயல்கள்தான் இருந்தன, பதினைந்தும் நலம். அவளும் நம்பினாள். மீதி ஒன்பதும் பழைய ஃப்ரீசரின் அடியில் கறுப்புப் பையில் கிடப்பதைப் போன வாரம் கூண்டக்காதான் காட்டிக் கொடுத்தாள். கூண்டு கழுவுவது அவள் வேலை. எரித்துவிடச் சொல்லி உத்தரவு வந்த அன்றைக்கு எரிக்கிற மெஷின் ரிப்பேர். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உறைந்து உருகிய உடம்புக்கென்று ஒரு நாற்றம் உண்டு. அழுகலும் ஈரச் சாக்கும் கலந்தது. அது மூக்கில் நிற்காது; தொண்டைக்குள் இறங்கி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்றை இழுத்துப் போட்டவள் பாப்பா. அவளே இன்னொரு முகமூடியை மேலே கட்டிக்கொண்டாள்.

வயிற்றைத் திறந்தாள். இரைப்பைச் சுவரில் செங்கல்பொடி நிறத்தில் மருந்து இன்னும் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஈரல். கருஞ்சிவப்பாக, வழவழவென்று, ஓரம் கூர்மையாக இருக்க வேண்டிய ஈரல். கத்தியின் முனை பட்டதும் ஊறின காகிதம் மாதிரி பிய்ந்து, பச்சையும் மஞ்சளுமாக வடிந்தது.

நாலுக்கும் அதே ஈரல். ஒன்பதையும் அறுத்து முடித்தபோது மணி பன்னிரண்டு. ஒன்பதுக்கும் அதேதான்.

கை கழுவும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. மணி பன்னிரண்டு. அப்பா சாப்பிட உட்காரும் நேரம். சாப்பிட்டதும் மாத்திரை.

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

அப்பா முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டியவர். இரண்டு முழங்காலும் அந்த எஞ்சினிலேயே போய்விட்டன என்பார். 'அப்பாவுக்கே முதல் மாத்திரை கொடுத்த டாக்டர்' என்று மகனைப் பற்றி நாளிதழில் வந்த செய்தியைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். சோதனையில் இருக்கும் இருநூறு பேரில் பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்து. மீதிப் பாதிக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. மேலே பூசிய நீலப் பூச்சு இரண்டுக்கும் ஒன்று என்பதால், விழுங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்பா அந்தக் கணக்கில் சேராதவர். அவருக்கு நிஜ மாத்திரைதான் என்று அண்ணனே பேட்டியில் சொல்லியிருந்தான்.

பாப்பா உள்ளே நுழைந்தபோது அப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மாத்திரை பாட்டிலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, நாத்தம் குடலைப் புடுங்குது. குளிச்சிட்டு வந்து பேசு."

"அப்பா, அதைப் போடாதீங்க."

"எதை?"

"அண்ணன் குடுத்த மாத்திரையை. இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமே போடவே கூடாது."

அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "நீ மாட்டு டாக்டர். அவன் மனுஷ டாக்டர். எனக்கு இன்னும் வால் முளைக்கல."

"ஒன்பது முயல் செத்திருக்குப்பா. ஈரல் கரைஞ்சு போய்ச் செத்திருக்கு. இப்பதான் அறுத்துப் பாத்துட்டு வரேன்."

"முயல்தானே? யாராவது சத்தமாத் தும்மினாலே செத்துப் போற ஜாதி அது."

"விளையாடாதீங்க. கண்ணைக் காட்டுங்க."

அவர் முனகிக்கொண்டே முகத்தை நிமிர்த்தினார். பாப்பா கீழிமையை இழுத்துப் பார்த்தாள். கண்ணின் வெள்ளை பால் மாதிரி வெளுப்பு. ஒரு துளி மஞ்சள் இல்லை. நாக்கைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், விலா எலும்புக்கடியில் அழுத்திப் பார்த்தாள். நாலு மாதமாகத் தினமும் விழுங்குகிறவரின் உடம்பா இது?

"கிச்சுகிச்சு மூட்டாதே. பெரியவன் ஆசையாக் குடுத்தது. அவன் விழா அன்னிக்கா நிறுத்துவேன்? வேணும்னா ஒண்ணு பண்றேன். உனக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம், பாதி போட்டுக்கறேன்."

சொல்லிக்கொண்டே காய் நறுக்கும் கத்தியை எடுத்து மாத்திரையை நடுவில் வைத்து அழுத்தினார். டக்கென்று இரண்டாகி ஒரு பாதி மேஜையில் உருண்டது.

உள்ளே வெள்ளை. ஓரத்திலிருந்து ஓரம்வரை, சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளை.

பாப்பா பாட்டிலைப் பிடுங்கி மேஜையில் கவிழ்த்தாள். இன்னும் நாலைந்தை உடைத்தாள். செங்கல் நிறம் எதிலும் இல்லை. ஒரு துண்டை நாக்கில் வைத்தாள். மாவு, கொஞ்சம் தித்திப்பு.

முதலில் வந்தது நிம்மதி. அப்பா தப்பித்தார். அந்த நிம்மதி இறங்கி முடிவதற்குள், அதன் அடியிலிருந்து இன்னொன்று மேலே வந்தது.

அப்படியென்றால் அண்ணனுக்குத் தெரியும்.

தெரியாமல் செய்திருந்தால் அப்பாவுக்கும் நிஜ மாத்திரையைத்தானே கொடுத்திருப்பான்? தன் அப்பாவை மட்டும் ஒதுக்கி நிறுத்திவிட்டு, மற்றவர்கள் வாயில் போட்டிருக்கிறான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? நல்ல மாத்திரைதான். நாலு மாசத்துல முட்டிவலி பாதி போயிடுச்சு."

மாவிலேயா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. "போடுங்கப்பா. முழுசாவே போடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மூன்று மணிக்கு அண்ணனின் அறைக்குப் போனாள். குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. அந்த நாற்றத்தோடேயே போனாள்.

அண்ணன் புதுக் கோட்டில் இருந்தான். கோட்டில் படாமலிருக்கக் கழுத்தில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு, பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"வா பாப்பா. கோட் எப்படி? தோள்ல கொஞ்சம் லூஸோ?" மூக்கைச் சுருக்கினான். "என்ன வாடை இது?"

"ஒன்பது முயல்."

கையிலிருந்த பிஸ்கட் ஊறி, முறிந்து, டீக்குள் விழுந்தது.

"அதையெல்லாம் எரிக்கச் சொன்னேனே," என்றான்.

எந்த முயல் என்று அவன் கேட்பான், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள் பாப்பா. அந்தச் சிரமத்தை அவன் வைக்கவில்லை.

"அதுங்களுக்கு டோஸ் கூடப் போயிடுச்சு. அளவு தப்பின மிருகத்தைக் கணக்குல சேர்க்க முடியாது. உனக்குத் தெரியாததா?"

"டோஸ் எழுதின சீட்டு கூண்டுலயே ஒட்டியிருந்துச்சு. கூண்டக்கா எடுத்து வெச்சிருக்கா. இருபத்துநாலுக்கும் ஒரே டோஸ்."

அவன் டீக்குள் இரண்டு விரலை விட்டு, கரைந்துபோன பிஸ்கட்டை வழித்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டான். விரலைச் சப்பினான். சின்ன வயதிலிருந்து பார்க்கிற பழக்கம்தான். இன்றைக்கு அதைப் பார்க்க முடியாமல் பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு ஏன் மாவு மாத்திரை?"

சப்பும் சத்தம் நின்றது. அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"அவருக்கு எழுபத்திமூணு வயசு பாப்பா. பெத்த அப்பாவை வெச்சு எப்படி ரிஸ்க் எடுக்க முடியும்? நீயே சொல்லு." குரல் தழுதழுத்தது. அதைக் கேட்டு அவள் நெகிழ்வாள் என்று உண்மையாகவே எதிர்பார்த்தான்.

"அப்ப அந்த நூறு பேர்? அவங்க யாரைப் பெத்தவங்க?"

"அவங்களுக்கு மாசாமாசம் ரத்தம் பாக்கறோம்."

"ரிசல்ட்டை யாரு பாக்கறா?"

"நான்தான்."

"எத்தனை பேருக்கு ஈரல் கெட்டிருக்கு?"

"கெட்டிருக்குன்னு சொல்லாதே. பதினோரு பேருக்கு ரத்தத்துல ஈரல் அளவு கொஞ்சம் ஏறியிருக்கு. மத்தவங்களைப் பாரு, வலி போய் மாடி ஏறுறாங்க. ஒரு மருந்து வெளிய வரணும்னா முன்னப் பின்னத்தான் இருக்கும்." கிட்ட வந்து அவள் தோளில் கை வைத்தான். "அடுத்த கட்டுரையில உன் பேரும் வரும். உனக்குப் புதுசா விலங்குக் கூடம் கட்டித் தரச் சொல்லி இன்னிக்கு மேடையிலேயே கேக்கப் போறேன்."

அவன் விரலின் ஈரம் சட்டையைத் தாண்டித் தோளில் பட்டது. செத்த முயலுக்குள் கைவிட்டபோது வராத அருவருப்பு அப்போது வந்தது. உதறிவிட்டு நகர்ந்தாள்.

நகர்ந்த இடத்தில், விழாவுக்காக அடித்த பெரிய போஸ்டர் சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு பெண்ணின் கை, ஊசியில் நூல் கோர்க்கிறது. மோதிர விரல் லேசாகக் கோணியிருந்தது. அந்த விரலைப் பாப்பாவுக்குத் தெரியும்.

"இது தையலக்கா கையில்ல?"

"ஆமா. உன் அண்ணியோட அக்காவேதான். என்னமா வந்திருக்கு பாரு படம்!"

"அவங்களுக்கு எது? மாவா, மருந்தா?"

"பாட்டில்ல நம்பர்தான் இருக்கும். எனக்கே தெரியாது," என்று சொல்லி, கண்ணாடியில் பார்த்துக் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டான்.

பாப்பா வராந்தாவில் இருந்த தொட்டியைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

தையல் கடை நிலையத்திலிருந்து இரண்டே தெரு. அப்பா அம்மா இல்லாத அண்ணியைத் தையல் மெஷினை மிதித்துப் படிக்க வைத்துக் கணக்கு டீச்சராக்கியவள் அந்த அக்கா. தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது தாண்டியதும் விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் போனது. 'என் மாப்பிள்ளை மருந்து' வந்தபிறகுதான் கடையை மறுபடி திறந்தாள்.

அண்ணி அங்கேதான் இருந்தாள். விழாவுக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டையின் கைக்குப் பிடிப்புத் தைக்க வந்தவள், ஸ்டூலில் கையை நீட்டி நின்றிருந்தாள். தையலக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு முழங்கையருகே குனிந்திருந்தாள்.

"வா பாப்பா!" ஊசிகளை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "பாத்தியா, மாப்பிள்ளை புண்ணியத்துல ஊசியில நானே நூல் கோக்கறேன். என் கையைத்தான் போஸ்டர்ல போட்டிருக்காராம். மூஞ்சியைப் போட்டிருந்தா கூட்டம் கலைஞ்சிருக்கும்."

சிரித்தாள். மெஷின் விளக்கு முகத்தில் விழுந்தது. சிரித்த கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. காலையில் விரித்துப் பார்த்த காதின் நிறத்தில் இருந்தது.

"அக்கா, உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கென்ன. ரெண்டு வாரமா சாப்பாட்டைக் கண்டா ஓங்கரிக்குது. அரிப்பு. ராத்திரியெல்லாம் சொறிஞ்சு தோலே போச்சு. மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். ரத்தமெல்லாம் நார்மல்னு சொல்லிட்டார்."

"உங்க மாத்திரை எங்க?"

மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாப்பா ஒன்றைத் துணி வெட்டும் கத்தரிக்கோலின் வாயில் வைத்து நறுக்கினாள்.

செங்கல் நிறம்.

"என்ன பண்றே? அது என்ன கலர்?" என்று ஸ்டூலிலிருந்து இறங்கினாள் அண்ணி. சட்டையிலிருந்த ஊசி கையில் குத்தியதைக் கவனிக்கவில்லை.

பாப்பா அவளைக் கடைக்கு வெளியே கூட்டிப் போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. முயல், ஈரல், பதினோரு பேர், அப்பாவின் மாவு மாத்திரை. கடைசியாகச் சொன்னதும் அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பாட்டில்ல நம்பர்தான் இருக்கும், எனக்கே தெரியாதுன்னு சொல்றான் அண்ணி," என்றாள் பாப்பா.

அண்ணி, போர்டில் கணக்கைப் படிப்படியாகப் போடுகிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"மாமா பாட்டிலும் அக்கா பாட்டிலும் அவர்தான் ஒரே பையில கொண்டு வருவார். போன மாசம் நான் மாத்தி எடுத்துட்டேன். அக்காவோடதை மாமா மேஜையில வெச்சிட்டு, மாமாவோடதைக் கடைக்குக் கொண்டாந்துட்டேன். அவர் ஆபீஸ் போற வழியில போன்ல சொன்னேன். பாதி ரோட்டுல வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்தார். முதல்ல மாமாகிட்ட ஓடினார். 'போட்டீங்களா, போட்டீங்களா'ன்னு கேட்டார். மாமா இன்னும் சாப்பிடலைன்னதும் நெத்தியைத் துடைச்சிக்கிட்டு நல்லவேளைன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் இங்க வந்தார். அந்த மாவு மாத்திரையை வாங்கிக்கிட்டு, இதை அக்கா கையில குடுத்துட்டுப் போனார்." அண்ணி உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி. "எவ்வளவு பொறுப்பான மனுஷன்னு நான் டீச்சர்ஸ் ரூம்ல பெருமையாச் சொன்னேன் பாப்பா."

அவள் கைப்பையில் போன் அடித்தது. அவன்தான். அண்ணி எடுத்தாள்.

"வந்துக்கிட்டே இருக்கேன். ஆமா, புதுச் சட்டைதான். ஒரு விஷயம், மேடையில எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. ரெண்டு வார்த்தை பேசணும். ஆமா, உங்களைப் பத்தித்தான்."

வைத்துவிட்டு, "நீ அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அவர் ஆளுங்க இல்லாத ஆஸ்பத்திரியாப் பாத்துப் போ," என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அறுந்து தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு நடந்தாள்.

ஊரின் மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது. இளவயது டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுத் தையலக்காவின் கண்ணைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"உடனே அட்மிட் ஆகணும். ஈரல் ரொம்ப மோசமா இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம். என்ன மாத்திரை சாப்பிட்டீங்க? யாரு குடுத்தது?"

பாப்பா வாயைத் திறப்பதற்குள் தையலக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் வரும்போதே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் பாப்பா.

"மாப்பிள்ளை பேரை எழுதாதே பாப்பா," என்றாள் தணிந்த குரலில். "என் தங்கச்சி வாழ்க்கை. நானா ஏதோ வாங்கிப் போட்டேன்னு எழுதிக்கோ. இந்தக் கைக்கு நாலு மாசம் உயிர் வந்ததே, அது போதும்."

"போதாதுக்கா."

"பாப்பா..."

"இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. அவங்ககிட்டயும் நார்மல்னுதான் சொல்லியிருப்பான்."

தையலக்காவின் பிடி தளர்ந்தது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாப்பா டாக்டரம்மாவிடமிருந்து பேனாவை வாங்கினாள். மருந்து கொடுத்தவர் என்ற இடத்தில் அண்ணனின் பெயரை, பட்டங்களில் ஒன்றையும் விடாமல், முழுசாக எழுதினாள். நோயாளிக்கு உறவு என்ற இடத்தில் 'தங்கையின் கணவர்' என்றும் எழுதினாள். எழுதி முடித்துக் கையைப் பார்த்தாள். சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவியும் நகக்கண்ணில் அந்த மஞ்சள் போகவில்லை.

மணி ஆறேகால். மேஜையில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. அண்ணி.

"சொல்லுங்க அண்ணி."

அண்ணி பேசவில்லை. போன் அவள் கைப்பைக்குள்ளோ, மடியிலோ இருந்திருக்க வேண்டும். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்கள். "அடுத்து, புரொஃபசர் அவர்களின் துணைவியார்..." என்று ஒரு ஆண்குரல். கைதட்டல். கூட்டத்துக்குள்ளிருந்து "எங்க பாப்பாவைக் காணோமே?" என்று அப்பாவின் குரல்.

கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, வகுப்பெடுக்கும் அதே நிதானத்தில் அண்ணி தொடங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த ஹாலில் மாத்திரை சாப்பிடுறவங்க யாராவது இருந்தா, தயவுசெய்து எழுந்திருங்க."